மரக்கால் சுமந்த தெய்வம்: ரோமானிய எகிப்தின் காசுகள்

கி.மு. 30-இல் கிளியோபாத்ராவின் மறைவோடு தாலமி மரபு முடிவுற்று எகிப்து ரோமர் வசமானபோது, அந்த வெற்றியைக் கொண்டாட ஆக்டேவியன் (பின்னாளின் அகஸ்டஸ்) வெளியிட்ட வெள்ளிக்காசில் எகிப்தியத் தெய்வம் எதுவும் இடம்பெறவில்லை. ஒரு முதலையும், எகிப்து கைப்பற்றப்பட்டது என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகமுமே இருந்தன. ஆனால் ரோமின் உணவுக்குத் தானியம் அனுப்பிய அந்நாட்டை அவர் மற்ற மாகாணங்களைப் போல நடத்தவில்லை. செனட் உறுப்பினர் எவரும் பேரரசரின் அனுமதியின்றி அங்கே நுழையத் தடை விதிக்கப்பட்டது; நாணய முறையும் தனியாகவே வைக்கப்பட்டது. அலெக்சாந்திரியா அக்கசாலையில் கிரேக்க எழுத்துகளோடு அச்சிடப்பட்ட காசுகள் எகிப்துக்குள் மட்டுமே செல்லுபடியாயின. வெளியிலிருந்து வந்தவர் தம் காசை மாற்றிக்கொண்டே அங்கு வாணிகம் செய்ய முடிந்தது. இன்று எகிப்தியத் தெய்வங்களைத் தாங்கிய ரோமானியக் காசுகளைத் தேடுவோர் கையில் கிடைப்பவற்றுள் மிகப் பெரும்பாலானவை இந்த அக்கசாலையில் பிறந்தவையே.

இவற்றுள் முதன்மையானது டெட்ராதிராக்மா, அதாவது நான்கு திராக்மா மதிப்புள்ள காசு. பேரரசர் டைபீரியஸின் ஏழாம் ஆட்சியாண்டில் (கி.பி. 20-21) வெள்ளியும் செம்பும் கலந்த உலோகத்தில் தொடங்கப்பெற்ற இது, ரோமின் வெள்ளிக்காசான டினாரியஸ் ஒன்றுக்கு இணையாகக் கொள்ளப்பட்டது. பேரரசர்கள் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போனதால், மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தடித்துச் சிறுத்த, பெயரளவுக்கே வெள்ளி கலந்த செப்புக்காசாக அது தேய்ந்துபோனது; கி.பி. 296-ஐ ஒட்டி டயோக்ளீஷியனின் சீர்திருத்தம் இந்தத் தனி நாணய முறைக்கே முடிவு கட்டியது.

காசின் முன்புறத்தில் பேரரசரின் தலையும், பின்புறத்தில் தெய்வமோ சின்னமோ, அதனருகே 'எல்' எழுத்தைப் போன்ற ஒரு குறியும் கிரேக்க எழுத்தும் இருக்கும். அக்குறி ஆண்டைச் சுட்டுவது. அதையடுத்து வரும் எழுத்து ஆட்சியாண்டின் எண்ணைத் தருவது: அல்பா எனில் 1, டெல்டா எனில் 4. எகிப்தியப் புத்தாண்டு ஆகஸ்ட் 29-இல் பிறந்ததால், ஆட்சியேற்ற நாள் எதுவாயினும் அந்தத் தேதியில் இரண்டாம் ஆண்டு தொடங்கிவிடும். கி.பி. 69 ஜூலை 1-இல் அலெக்சாந்திரியாவில் பேரரசராக அறிவிக்கப்பட்ட வெஸ்பாசியனின் முதல் ஆட்சியாண்டு இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. இந்தக் கணக்கு தெரியாமல் இக்காசுகளுக்குக் காலம் குறிக்க முற்படுவோர் ஓராண்டு பிசகுவது உறுதி.

பின்புறத்தில் அடிக்கடி தோன்றுபவர் செராப்பிஸ். ஒசைரிஸையும் ஏப்பிஸ் என்னும் புனிதக் காளையையும் இணைத்து, முதலாம் தாலமியின் காலத்தில் கிரேக்கர்களுக்கும் ஏற்ற வடிவில் நிலைபெற்ற தெய்வம் இது. அடர்ந்த தாடியும் சுருள்முடியும் கொண்ட அந்த முகத்தைச் சியூஸிடமிருந்து பிரித்தறிய எளிய வழி, தலைமேல் உள்ள தானிய அளவை, நம் வழக்கில் சொன்னால் மரக்கால். ரோமுக்கு ஆண்டுதோறும் தானியக் கப்பல் அனுப்பிய நாட்டின் தலைமைத் தெய்வத்துக்கு இதைவிடப் பொருத்தமான முடி அமைந்திருக்க முடியாது. நைல் நதியோ சாய்ந்து அமர்ந்த முதியவராக, பக்கத்தில் முதலையோ நீர்யானையோ சூழக் காட்டப்படுகிறது. சில காசுகளில் அவரருகே 16 என்னும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். வெள்ளம் பதினாறு முழம் உயர்ந்தால் விளைச்சல் செழிக்கும் என்பது அந்நாட்டுக் கணக்கு; ரோமானிய எழுத்தாளர் பிளினியும் இதைப் பதிவு செய்திருக்கிறார். நீரோவின் காசுகளில் நற்பேறு தரும் நாகமான அகதோடைமோன் எகிப்தின் இரட்டை முடியோடு எழுந்து நிற்க, பேரரசரே அந்த நாகத்தின் புதிய வடிவம் என்று வாசகம் அறிவிக்கிறது.

செப்புத் திராக்மாக்களே சேகரிப்போரின் கண்ணை முதலில் இழுப்பவை. அன்டோனினஸ் பயஸ் காலத்துப் பெரிய செப்புக்காசு ஒன்றின் பின்புறத்தில், கடலோடிகளைக் காக்கும் ஐசிஸ் விரைந்து நடக்கிறாள்; இரு கைகளாலும் அவள் பிடித்துள்ள பாய் காற்றில் புடைத்திருக்கிறது; எதிரே அலெக்சாந்திரியாவின் ஃபாரோஸ் கலங்கரை விளக்கம், அடியில் வாயிலும் மேல்தளத்தில் சங்கூதும் டிரைட்டன் உருவங்களுமாக நிற்கிறது. நிலநடுக்கங்களில் சரிந்து மறைந்த அக்கட்டடத்தின் தோற்றத்தை மீட்டுருவாக்க இக்காசுகள் முக்கியமான சான்றுகள் என்பதால், அவற்றின் மதிப்பு சேகரிப்போரின் பெட்டியோடு நின்றுவிடுவதில்லை.

எனினும் இத்தெய்வங்களைக் கண்டு, நைல்கரை உழவர் வணங்கிய எகிப்து இதுவே என்று கொள்வது தவறு. பழைய கோயில் சுவர்களில் நரித்தலையோடு நிற்கும் அனுபிஸ், இக்காசுகளில் ஹெர்மனுபிஸ் என்னும் அழகிய கிரேக்க இளைஞனாகிவிடுகிறார். நரி அவர் காலடியில் தனியே அமர்ந்திருக்கிறது. நோம் எனப்பட்ட எகிப்திய மாவட்டங்களின் பெயரில் டொமிஷியன் முதல் அன்டோனினஸ் பயஸ் வரை சில ஆண்டுகளில் மட்டும் வெளிவந்த காசுகள் ஊர்த் தெய்வங்களுக்கு இடம் தந்தன. அவற்றிலும் மனித உருக்கொண்ட தெய்வம் தனக்குரிய விலங்கைக் கையில் ஏந்தியிருப்பதே மிகுதி. அக்கசாலையில் அச்சு வெட்டியவரின் கண் அலெக்சாந்திரிய நகரத்தாரின் கண்.

ரோம் நகரில் கதை வேறு. கி.பி. 19-இல் டைபீரியஸ் ஐசிஸ் வழிபாட்டை ஒடுக்கி, அவள் சிலையை டைபர் ஆற்றில் எறியச் செய்தார் என்கிறார் வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ். அலெக்சாந்திரியாவில் அரியணைக்கு வழி கண்ட வெஸ்பாசியனோ, கி.பி. 71-இல் ரோமிலிருந்த ஐசிஸ் கோயிலையே தம் காசில் பொறித்தார். வியப்பு இதன் பின்னர்தான். நான்காம் நூற்றாண்டில், கிறிஸ்தவப் பேரரசர்கள் ஆண்டபோதும், பொது நேர்த்திக்கடன் என்று பொருள்படும் வாசகத்தோடு ரோமில் வெளிவந்த சிறு செப்புக்காசுகளில், அலெக்சாந்திரியா மறைத்த நரித்தலை அனுபிஸ் கையில் கிலுகிலுப்பையோடு நிற்கிறார். 1937-இல் ஆய்வாளர் ஆன்ட்ரேயாஸ் அல்ஃபோல்டி இவற்றைத் தொகுத்து ஆராய்ந்தார்.

அலெக்சாந்திரியக் காசுகள் தமிழகம் வரை வந்தனவா? முசிறித் துறைமுகத்துக்கு வந்த ரோமானிய வணிகர்கள் அலெக்சாந்திரியா, நைல், செங்கடல் துறைகள் வழியாகவே வந்தனர். ஆயினும் கொங்கு நாட்டுப் புதையல்களில் நிறைந்திருப்பவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து டினாரியஸ் காசுகளே. எகிப்தின் எல்லையைத் தாண்டினால் மதிப்பிழக்கும் காசைக் கொண்டு மிளகு வாங்க எவரும் கப்பலேறவில்லை.

சேகரிப்பின் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் ஜோவன்னி தத்தாரி. கெய்ரோவில் வாழ்ந்த இந்த இத்தாலியர் தம் காலத்தின் மிகப் பெரிய அலெக்சாந்திரியக் காசுத் தொகுப்பைத் திரட்டி, 6,000-க்கும் மேற்பட்ட காசுகளின் பட்டியலை 1901-இல் வெளியிட்டார். காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அவர் எடுத்த படிகள் எஞ்சியிருப்பதால், அவர் மறைவுக்குப் பின் சிதறிய காசுகளை இன்றும் இனங்காண முடிகிறது. எகிப்து 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் எண் சட்டத்தால் தொல்பொருள் வாணிகத்தைத் தடை செய்துவிட்ட நிலையில், முன்பே நாட்டைவிட்டு வெளியேறியது என்று காட்டும் சான்று இல்லாத காசை, அதிலுள்ள தெய்வம் எத்துணை அழகாயினும், வாங்காமல் விடுவதே முறை.