எந்தக் கமரா, எந்த வேலைக்கு? சோனி ஏ7 மார்க் 3, ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-ரி3: நம் களத்திலிருந்து ஓர் ஒப்பீடு

சில வருடங்களுக்கு முன்னர் முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு கிராமத்தில், காணாமல் ஆக்கப்பட்ட தன் மகனின் படத்தை ஓர் அம்மா என்னிடம் நீட்டினார். பாஸ்போர்ட் அளவுப் படம். லமினேட் செய்திருந்தார்கள்.

"தம்பி, இதில அவன்ர முகம் வடிவா வருமோ? எனக்கு இருக்கிறது இது ஒண்டுதான்."

"வரும் அம்மா" என்று சொல்லி, பிளாஷ் அடித்துப் பிரதி எடுத்தேன். கமராவின் சின்னத் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. இரவு கணினியில் திறந்தபோதுதான், நெற்றியின் பாதியையும் ஒரு கண்ணையும் மூடிக்கொண்டு வெள்ளையாக ஒரு ஒளித்திட்டு விழுந்திருப்பதைக் கண்டேன். திரும்பப் போய் எடுக்கலாம் என்று நினைத்து, போகாமல் விட்டேன். அடுத்த மாரி முடிந்து போனபோது, கூரை ஒழுகி லமினேஷனுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. படத்தில் மகனின் வாயும் கன்னமும் கரைந்துபோயிருந்தன.

"நீங்கள் எடுத்தது இருக்குத்தானே தம்பி?" என்று அம்மா கேட்டார்.

ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றவன் நான். அங்கே கமராவின் பாகங்களைப் படித்தேன். ஒரு தாயிடம் மிஞ்சியிருக்கும் ஒரே படத்தை எப்படிப் பிரதி எடுப்பது என்று படிக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் கமராக்களை நாம் செய்யும் வேலைகளோடு வைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

இப்போது வடக்கிலும் கிழக்கிலும் இளம் ஊடகவியலாளர்களும், போராட்டங்களைப் பதிவுசெய்யும் தன்னார்வலர்களும் "எந்தக் கமரா வாங்கலாம் அண்ணா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் கல்யாணத்துக்கும் விளையாட்டுக்கும் பறவைக்கும் எழுதப்பட்டவை. நம் வேலை வேறு. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இந்த இரண்டு?

சோனி ஏ7 மார்க் 3, ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-ரி3 இரண்டும் 2018இல் அறிமுகமானவை. இவற்றுக்குப் பின் புதியவை வந்துவிட்டன. சோனி 2021இல் மார்க் 4ஐ வெளியிட்டது. ஃபுஜிஃபில்ம் 2020இல் எக்ஸ்-ரி4ஐயும் 2022இல் எக்ஸ்-ரி5ஐயும் வெளியிட்டது. ஆனால் 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்த பிறகு, புதிய கமரா என்பது நம்மில் பலருக்கு எட்டாத விடயம். கையில் கிடைப்பது பாவித்த கமராக்களும், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவருபவையும்தான். அவற்றில் இந்த இரண்டையும் அடிக்கடி காண்கிறேன். ஃபுஜி என்னிடம் இருக்கிறது. சோனி ஒரு நண்பருடையது, பல தடவை இரவல் வாங்கி வேலை செய்திருக்கிறேன்.

இரண்டும் மிரர்லெஸ் கமராக்கள். அதாவது பழைய எஸ்எல்ஆர் கமராக்களில் இருந்த, மேலெழும்பி இறங்கும் கண்ணாடி இவற்றில் இல்லை. கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்தில் ஒரு சிறிய மின்திரை இருக்கும். படம் எப்படி வரும் என்பதை எடுக்க முன்னரே அதில் காணலாம்.

பெரிய வித்தியாசம் சென்சரில் இருக்கிறது. சோனியினுடையது முழுச்சட்டக சென்சர், 35.6 x 23.8 மில்லிமீற்றர். ஃபுஜியினுடையது ஏபிஎஸ்-சி, 23.5 x 15.6 மில்லிமீற்றர். பரப்பளவில் சோனி இரண்டு மடங்குக்கும் கூட. படத்தின் நுணுக்கத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: சோனி 24.2 மெகாபிக்சல், ஃபுஜி 26.1 மெகாபிக்சல்.

மாலை விளக்கு

நவம்பர் 27. மாலை 6.05க்கு மணி ஒலிக்கும். அதன்பின் அகவணக்கம், பிறகு சுடரேற்றல். அந்த நேரம் சூரியன் மறைந்து கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். வானத்தில் கொஞ்ச நீலம், கீழே சுடர்களின் மஞ்சள். பத்து நிமிடத்தில் நீலமும் போய்விடும்.

இந்த வேலைக்கு சோனிதான் நல்லது. பெரிய சென்சர் கூடுதல் ஒளியை வாங்குவதால், ஒரே லென்ஸ் துவாரத்தில் ஃபுஜியைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டொப் கூட்டி ஐஎஸ்ஓ வைக்கலாம். ஃபுஜியில் 3200இல் கிடைக்கும் சுத்தத்தை சோனியில் 6400இல் எதிர்பார்க்கலாம். அத்துடன் சோனியின் உடலுக்குள்ளேயே கை நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு உண்டு. எக்ஸ்-ரி3இல் அது இல்லை. (எக்ஸ்-ரி4, எக்ஸ்-ரி5 இரண்டிலும் உண்டு.)

ஒரு எச்சரிக்கை. அந்த அமைப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும். அழுகின்ற ஒருவரின் தோள் குலுங்குவதை நிறுத்தாது. செக்கனுக்கு 1/15 வைத்தால் கல்லறையும் பந்தலும் கூர்மையாக வரும், அம்மாவின் முகம் கலங்கிவரும். ஆட்கள் உள்ள படத்துக்கு 1/60க்குக் கீழே போகாதீர்கள். படத்தில் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை. முகம் தெரியவேண்டும்.

இரண்டு கமராவிலும் சத்தமில்லாத மின் ஷட்டர் இருக்கிறது. அகவணக்க நேரத்தில் அதையே பாவியுங்கள். மரண அமைதியில் 'கிளிக், கிளிக்' என்று அடிப்பது ஒருவரின் துக்கத்துக்குள் செருப்போடு நுழைவதுபோல. ஆனால் மின் ஷட்டர் படத்தை வரிசை வரிசையாகத்தான் வாசிக்கும். எல்ஈடி விளக்கின் கீழ் எடுத்தால் படத்தின் குறுக்கே இருட்டுக் கோடுகள் விழலாம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பெரும்பாலும் கோடுகள் மறையும். சுடர் வெளிச்சத்தில் இந்தப் பிரச்சினை இல்லை.

வெயிலும் வீதியும்

மே 18 முள்ளிவாய்க்காலில் நிலைமை நேரெதிர். முற்பகல் வெயில், வெள்ளை மணல், கறுப்புக் குடை. அங்கே ஒளிக்குப் பஞ்சமில்லை. இரண்டு கமராவும் சமம். வெள்ளை சட்டை வெளிறிப்போகாமல், கொஞ்சம் இருட்டாக எடுத்துப் பிறகு நிழலைத் தூக்குவதுதான் வழி. அதற்காக றோ கோப்பாக எடுங்கள்.

வீதியோரப் போராட்டங்களில் சென்சரைவிட பற்றரிதான் பெரிய விடயம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி முதல் தொடர்ச்சியாகப் போராடிவருகிறார்கள். ஒரு நாள் முழுவதும் அவர்களோடு இருந்து படமெடுக்க வேண்டிவரும். தர அளவீட்டின்படி சோனியின் பற்றரி ஒரு சார்ஜில் சுமார் 710 படங்கள் தரும், ஃபுஜியினுடையது சுமார் 390. ஃபுஜி வாங்குபவர் இன்னும் இரண்டு பற்றரியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும். இரண்டையும் யூஎஸ்பி-சி வழியாக பவர்பாங்கில் சார்ஜ் செய்யலாம்.

பாரத்தில் ஃபுஜி முன்னுக்கு நிற்கிறது. பற்றரியோடு ஃபுஜி 539 கிராம், சோனி 650 கிராம். லென்ஸோடு சேர்க்கும்போது வித்தியாசம் கூடும். 23 மில்லிமீற்றர் எஃப் 2 லென்ஸ் போட்ட ஃபுஜி சுமார் 720 கிராம். அதே கோணம் தரும் 35 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸோடு சோனி சுமார் 930 கிராம். மோட்டார் சைக்கிளில் போய், நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கவிடுபவருக்கு அந்த 200 கிராம் பின்னேரம் தெரியும். சின்னக் கமரா ஆட்களையும் குறைவாகவே பயமுறுத்தும்.

வாக்குமூலம்

ஒருவர் பேசுவதை வீடியோவாகப் பதிவுசெய்ய ஃபுஜி சிறந்தது. அது 4கே வீடியோவை 10-பிட் நிறத்தில் அட்டையிலேயே பதியும். சோனி 8-பிட்டில் பதியும். நிறத்தைப் பிறகு திருத்தும்போது, முக்கியமாக ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம் விழும் முகத்தில், இந்த வித்தியாசம் தெரியும். இரண்டிலும் ஒலிவாங்கிக்கும் காதில் கேட்பதற்கும் துளைகள் உண்டு. செக்கனுக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இரண்டும் சுமார் அரை மணித்தியாலத்தில் தாமாகவே பதிவை நிறுத்திவிடும். 2009இன் அந்த மாதங்களைச் சொல்லும் ஒருவரின் கதை அரை மணித்தியாலத்தில் முடியாது. பாதி வசனத்தில் கமரா நிற்பதும், "அம்மா, கொஞ்சம் பொறுங்கோ, திரும்பச் சொல்லுங்கோ" என்று நாம் கேட்பதும் நடக்கக் கூடாது. தனியாக ஓர் ஒலிப்பதிவுக் கருவியையோ தொலைபேசியையோ தொடக்கத்திலிருந்தே ஓடவிடுங்கள். வீடியோ நின்றாலும் குரல் நிற்காது.

படத்தைப் படமெடுத்தல்

இப்போது அந்த அம்மாவின் படத்துக்கு வருகிறேன். பாஸ்போர்ட் படம் 35 x 45 மில்லிமீற்றர். அதைச் சட்டகம் நிரம்ப எடுப்பதுதான் வேலை.

இங்கே சின்ன சென்சர்தான் வசதி. ஃபுஜியில் படத்தை நிரப்ப, அதன் உண்மை அளவில் பாதிக்கும் குறைவான உருப்பெருக்கமே போதும், ஏறக்குறைய 0.45 மடங்கு. ஃபுஜியின் பழைய 60 மில்லிமீற்றர் எஃப் 2.4 மக்ரோ லென்ஸ் 0.5 மடங்கு தரும். அது போதும். சோனியின் பெரிய சென்சரை நிரப்ப 0.68 மடங்கு தேவை. அதற்கு 50 அல்லது 90 மில்லிமீற்றர் எஃப் 2.8 போன்ற, முழு அளவு தரும் மக்ரோ லென்ஸ் வேண்டும். கமராவோடு வரும் சாதாரண ஸூம் லென்ஸ் இரண்டிலும் இதற்குப் போதாது.

இப்படி எடுத்தால் ஃபுஜியில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 3000 புள்ளிகள் கிடைக்கும். போராட்டத்தில் பிடிக்கும் பெரிய பதாகைக்கும் தாங்கும். ஆனாலும் மூலப்படத்தில் இல்லாத விபரத்தை எந்தக் கமராவும் சேர்க்காது.

முறை இதுதான். பிளாஷ் வேண்டாம். படத்தை ஜன்னலோரம் மேசையில் வையுங்கள், வெளிச்சம் பக்கவாட்டில் சரிவாக விழட்டும். முக்காலியில் கமராவை நேர் கீழே பார்க்க வையுங்கள். லமினேஷனில் உங்கள் நிழலோ கூரையோ தெரிந்தால், லென்ஸுக்குத் துளை விட்ட கறுப்புத் துணியை நடுவில் பிடியுங்கள். ஐஎஸ்ஓ ஆகக் குறைந்த இயல்பு அளவில் இருக்கட்டும்: சோனியில் 100, ஃபுஜியில் 160. துவாரம் எஃப் 8. இரண்டு செக்கன் டைமரில் எடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து ஒரு படமும் எடுங்கள், நிறம் சரிசெய்ய உதவும். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். அங்கே திகதியோ கையெழுத்தோ ஸ்டூடியோ முத்திரையோ இருக்கலாம்.

வீட்டை விட்டு வெளிக்கிட முன்னர் கமராத் திரையில் கண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

அட்டையும் இடமும்

இரண்டு கமராவிலும் இரண்டு எஸ்டி அட்டைகள் போடலாம். ஒரே படம் இரண்டிலும் பதியும்படி வையுங்கள். நிகழ்வு முடிந்ததும் ஒன்றைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். யாராவது வற்புறுத்திப் படங்களை அழிக்கச் செய்தால், அந்த அட்டையில் அதன்பின் ஒன்றும் எடுக்காதீர்கள். மேலெழுதப்படும்வரை அழித்த படங்களை மீட்கும் வாய்ப்பு உண்டு.

இரண்டிலும் ஜிபிஎஸ் இல்லை. ஆனால் தொலைபேசியோடு புளூடூத்தில் இணைத்தால் இடக்குறிப்பு படத்துக்குள் போய்விடும். அதை நிறுத்திவையுங்கள். பிரசுரிக்க முன்னர் படத்துக்குள் இருக்கும் தகவல்களை அகற்றுங்கள். உங்கள் கமராவின் தொடரிலக்கமும் அங்கே இருக்கக்கூடும். முகம் காட்டலாமா என்று ஆளிடமே கேளுங்கள். நாம் வேலை முடிந்து வந்துவிடுவோம். அவர்கள் அதே வீட்டில்தான் இருக்கப்போகிறார்கள்.

எதை வாங்குவது?

உங்கள் வேலை பெரும்பாலும் மாலை நிகழ்வுகள், இருட்டு, நீண்ட நாட்கள் என்றால் சோனி. வீடு வீடாகப் போய் முகங்களையும் வாக்குமூலங்களையும் பழைய படங்களையும் பதிபவர் என்றால் ஃபுஜி. பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், உடலில் கொஞ்சம் மிச்சம் பிடித்து மக்ரோ லென்ஸ் ஒன்றையும் முக்காலியையும் வாங்குங்கள். சுடரேற்றல் அடுத்த வருடமும் நடக்கும், தவறவிட்டால் திரும்ப எடுக்கலாம். கூரை ஒழுகும் வீட்டில் இருக்கும் படம் அடுத்த வருடம் இருக்குமா என்பது தெரியாது.

அந்த அம்மாவின் மகனுக்கு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். என் பழைய பிரதியில் ஒரு கண்ணும் நெற்றியும் மறைந்திருந்தன. நனைந்த மூலப்படத்தில் அவை தப்பியிருந்தன, வாயும் கன்னமும் போயிருந்தன. மூலப்படத்தை இந்த முறை ஒழுங்காக எடுத்து, இரண்டையும் கணினியில் பொருத்தினேன். சேரும் இடத்தில் நெருங்கிப் பார்த்தால் ஒரு கோடு தெரியும். அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கோடு என்ன தம்பி?" என்று கேட்டார்.

"என்ர பிழை அம்மா" என்றேன்.