கரையைக் காத்த வாரியம்
ஏரி உடைந்தால் பெருமழையைக் குற்றம் சொல்கிறோம். உடைப்பு பெரும்பாலும் மராமத்து நின்றுபோன கோடையிலேயே தொடங்கிவிடுகிறது. எலி வளையும் மர வேரும் மண்கரைக்குள் நீர் கசிய வழி திறக்கும்; உபரிநீர் வழியும் கலிங்கல் தூர்ந்தால் வெள்ளம் கரைமேல் ஏறும். சோழர் கால உத்திரமேரூர்ச் சபை இந்தக் காவலைத் தனிமனிதர் அக்கறைக்கு விடவில்லை. முதற்பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, குடவோலை என்னும் சீட்டுக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியம் 360 நாள் பொறுப்பு வகித்தது. கணக்குக் காட்டாதவர் மறுபடி அமர முடியாது.

இந்தச் சபையைப் புகழ்வது சாதி அதிகாரத்தைப் போற்றுவதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி: அது பிராமண நிலவுடைமையாளர் சபை, பின்னாளில் 1858ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டமும் ஊரார் ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து உழைப்பைக் கட்டாயமாக்கியது. மண் சுமந்தவருக்கு முடிவெடுப்பதில் இடமில்லை. அந்த விலக்கலை ஒழிப்போம். ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் முறையை ஏன் இழக்க வேண்டும்? ஒப்பந்தக்காரர் தூர்வாரிப் போனபின், அடுத்த கோடையில் கரையை நடந்து பார்ப்பது யார் கடமை என்பது ஒவ்வோர் ஊரிலும் எழுத்தில் இருக்க வேண்டும். சுமந்தவர் வாரிசுகளும் அந்த வாரியத்தில் அமர வேண்டும்.