டயர்: தீவாக இருந்த துறைமுக நகரம்

டயர் என்பது லெபனான் நாட்டின் தென்பகுதியில், மத்தியதரைக் கடலோரம் அமைந்துள்ள தொன்மையான துறைமுக நகரமாகும். தலைநகர் பெய்ரூட்டிலிருந்து தெற்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் உள்ளது. அரபு மொழியில் இதனைச் 'சூர்' என்பர். தமிழ் விவிலியத்தில் 'தீரு' என்று வருவதும் இந்நகரமே.

தீவு நிலமானது

பினீசியர் காலத்தில் இந்நகரின் முக்கியப் பகுதி கரைக்கு அப்பால் ஒரு தீவில் இருந்தது. கடல் வணிகத்தில் சிறந்த இந்நகர மக்களே வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரை நிறுவினர். கி.மு. 332இல் அலெக்சாண்டர் டயரை முற்றுகையிட்டார். தீவை எளிதில் நெருங்க முடியவில்லை. எனவே கரையில் இருந்த பழைய குடியிருப்பை இடித்து, அக்கற்களைக் கடலில் கொட்டிப் பாதை அமைத்தார். ஏழு மாதங்களுக்குப் பின் நகரம் வீழ்ந்தது. போர் முடிந்தும் பாதை நிலைத்தது. அதன் இருபுறமும் மணல் சேர்ந்து, நாளடைவில் தீவு கரையோடு இணைந்து தீபகற்பமானது.

ஊதாச் சாயம்

கடல் நத்தைகளிலிருந்து எடுக்கப்பட்ட ஊதாச் சாயம் டயருக்குப் பெரும் செல்வம் ஈட்டித் தந்தது. 1909இல் பால் பிரீட்லேண்டர் என்னும் வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் சாயமே பெற்றார். இத்துணியை அரசரும் செல்வரும் மட்டுமே அணிய முடிந்ததன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

ரோமானியச் சின்னங்கள்

கி.மு. 64இல் இப்பகுதி ரோமானியர் ஆட்சிக்குள் வந்தது. இன்று காண்பவை பெரும்பாலும் அவர்கள் காலத்தவை. இவை இரண்டு இடங்களில் உள்ளன.

அல்-பாஸ்: இங்கு நுழைவோர் முதலில் காண்பது கல்லறைகளையே. சாலையின் இருமருங்கிலும் செதுக்கப்பட்ட கற்பேழைகள் வரிசையாக உள்ளன. அவற்றைக் கடந்தால் சுமார் 20 மீட்டர் உயர வளைவு. அப்பால் ஏறத்தாழ 480 மீட்டர் நீளமுள்ள தேரோட்டத் திடல். அதில் சுமார் 20,000 பேர் அமர முடியும் என்பர். இறந்தோர் துயிலும் இடத்திற்கு அருகிலேயே ஊர் கூடி ஆரவாரித்திருக்கிறது.

அல்-மினா: பழைய தீவுப் பகுதியான இங்கு, தூண்கள் நிரைத்த வீதி, பதிகல் தரை, குளியல் கூடங்கள், செவ்வக வடிவ அரங்கு ஆகியவை கடலை நோக்கி அமைந்துள்ளன.

பாதுகாப்பு

1984இல் யுனெஸ்கோ டயரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2024ஆம் ஆண்டுப் போரில் நகரின் மீது குண்டுகள் விழுந்தன, மக்கள் வெளியேறினர். அவ்வாண்டு நவம்பரில், லெபனானின் 34 பண்பாட்டுச் சின்னங்களுக்கு யுனெஸ்கோ குழு தற்காலிக உயர்நிலைப் பாதுகாப்பு வழங்கியது. டயரும் அவற்றுள் ஒன்று. அலெக்சாண்டர் இடித்த ஊரின் கற்கள் பாதைக்காவது பயன்பட்டன. இன்றைய குண்டுகளால் சிதைவனவற்றை மீட்டமைக்க வழியில்லை என்பதால், இச்சின்னங்களைக் காப்பது அவசியமாகிறது.