இடையன்குடியில் ஒரு வெளிநாட்டுக் குடும்பம்

கால்டுவெல் என்றதும் 1856-ல் வந்த ஒப்பிலக்கணம்தான் நமக்கு ஞாபகம் வரும். அவருடைய குடும்பத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அயர்லாந்தில் பிறந்தவர், 1841-ல் தேரி மணல் சூழ்ந்த இடையன்குடிக்கு வந்தார். 1844-ல் எலிசாவை மணந்தார். எலிசாவின் பெற்றோர் 1819-லேயே நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரிகள். பெற்றோருக்கு அந்நிய மண், மகளுக்கோ சொந்த மண்! தமிழ் அவருக்குச் சிறுவயதுப் பேச்சு. பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ஊர்ப் பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். தன் தாய் நாகர்கோவிலில் செய்தது போலவே லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார்.

1891-ல் கால்டுவெல் கொடைக்கானலில் இறந்தார். உடலை அடக்கம் செய்தது இடையன்குடியில்தான். ஐம்பது வருஷம் கழித்தும் அதை வெளிநாடு என்று சொல்ல முடியுமா நண்பர்களே?