கசிவை வென்ற தோல் வளையம்

மோட்டார் வண்டியின் கிளச்சு மிதியை அழுத்தியதும் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்குமுள்ள தொடர்பு அறுகின்றது. பல வண்டிகளில் இதனை நிகழ்த்துவது சிறு குழாயினுள் அடைபட்ட திரவமே.

அடைபட்ட திரவத்தின்மீது செலுத்தும் அமுக்கம் எத்திசையும் குன்றாது பரவும் என விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1663 இல் அந்நூல் வெளிவந்தது. நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், 1795 இல், ஆங்கிலேயரான ஜோசப் பிராமா அவ்விதியைக் கொண்டு நீரமுக்கப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார்.

அவருக்கு வாய்த்த பெருந்தொல்லை கசிவு. பிஸ்டனைச் சுற்றி இறுக அடைத்தால் அது அசையாது; தளர்த்தினால் நீர் ஒழுகும். அவர் பட்டறையில் பணிபுரிந்த ஹென்றி மோட்ஸ்லி, கிண்ணம்போல் வளைந்த தோல் வளையமொன்றை அமைத்தார் என்பர். அமுக்கம் ஏற ஏற அதன் விளிம்பு தானே இறுகியது. அமுக்கம் நீங்கத் தளர்ந்தது.

மிதியருகேயுள்ள மாஸ்டர் சிலிண்டரிலும் கிளச்சருகேயுள்ள சிலேவ் சிலிண்டரிலும் காணும் றப்பர்க் கிண்ணங்கள் அவ்வளையத்தின் வழித்தோன்றல்களே. அவை தேய்ந்தால் திரவம் கசியும், காற்றுப் புகும். காற்றோ சுருங்கும் இயல்பினது. ஆகவே மிதி அடிவரை தாழ்ந்தும் கிளச்சு விடுபடாது. பிரேக்குத் திரவத்துக்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயை ஊற்றினால், அத்திரவத்துக்கென அமைந்த றப்பர் உப்பிக் கெடும்.

எனவே, திரவம் குறையக் கண்டால் நிரப்புவதோடு அமையாது, கசியும் இடத்தைத் தேடுதல் வேண்டும். பிராமாவின் பட்டறை கற்ற பாடமும் அதுவே.