தளத்தில் பதிந்த கற்கள்

வெர் சிறிய ஆறு. லண்டனுக்கு வடக்கே இருபது மைல் தொலைவில், செயின்ட் ஆல்பன்ஸ் நகரத்தின் தாழ்வில் ஓடுகிறது. மேட்டில் பழைய மடத்தின் தேவாலயம். அங்கிருந்து இறங்கும் ஒடுங்கிய தெரு முடியுமிடத்தில், தண்ணீரை ஒட்டி ஒரு செங்கல் கட்டடம் நிற்கிறது. இடைக்காலத்தில் மடத்தின் நீராலை இருந்த இடம் அது. 1804இல் ஜான் வூலம் என்பவர் அதைப் பட்டுநூல் முறுக்கும் ஆலையாக்கினார். 1938இல் அதுவும் நின்றது. இன்று குடியிருப்பு. கட்டடக்கலை வரலாறு இதை 'மாற்றியமைக்கப்பட்டது' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடும். எனக்கு அந்தச் சொல் போதவில்லை.

நீராலையின் உள்ளமைப்பு எளிது. நிமிர்ந்து நிற்கும் சக்கரத்தைத் தண்ணீர் சுழற்றுகிறது. அதன் அச்சு சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. அச்சின் முனையில் ஒரு பல்சக்கரம். அதன் பற்கள் செங்குத்தான தண்டிலுள்ள சிறு சக்கரத்தைப் பற்றுகின்றன. சுழற்சி திசைமாறி மேல்தளத்துக்கு ஏறுகிறது. அங்கே இரண்டு வட்டக் கற்கள். கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும். குழியில் தானியம் விழுந்து விளிம்பில் மாவாக உதிரும். என் பாட்டியின் திருகை செய்ததும் இதைத்தான். கல் ஒன்று, அசைவும் ஒன்று. சுற்றுவது யார், எங்கே வைத்து என்பதில்தான் வேறுபாடு. திருகைக்குக் கட்டடம் வேண்டாம். அடுப்படியின் ஒரு மூலை போதும். ஆற்றை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே தானியம் ஆற்றிடம் போக வேண்டும். ஆறு ஓடும் இடத்துக்கோ ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். ஆலையின் அஸ்திவாரம் அந்த உடைமை.

1086இல் வில்லியம் மன்னன் எடுத்த நிலக்கணக்கில் இங்கிலாந்து முழுவதிலுமாக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. செயின்ட் ஆல்பன்ஸில் மடாதிபதியே நகரத்துக்கும் பிரபு. குடிகள் அவருடைய ஆலையில்தான் அரைக்க வேண்டும். அரைத்ததில் ஒரு பங்கை அங்கேயே விட்டுவர வேண்டும். வீட்டில் திருகை வைத்திருப்பது குற்றம். 1327இல் நகரத்தார் கலகம் செய்து, மடத்தை முற்றுகையிட்டு, ஓர் உரிமைச் சாசனத்தைப் பெற்றார்கள். வீடுகளில் திருகைகள் சுற்றத் தொடங்கின.

அதே ஆண்டு மடாதிபதியானவர் வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு. கொல்லனின் மகன். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த கணித அறிஞர். மடத்துக்காக ஒரு வானியல் கடிகாரத்தை வடிவமைத்தவர். பல்சக்கரங்களின் நுட்பம் அவர் அளவுக்குத் தெரிந்தவர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே இருந்திருப்பார்கள். 1330களின் தொடக்கத்தில் அவர் நகரத்தாரைப் பணியவைத்தார். சாசனம் திரும்பிப் போனது. திருகைகளும் போயின. ரிச்சர்டு அந்தக் கற்களை ஆற்றில் எறியவில்லை. மடத்தில் துறவிகள் வாய்திறந்து பேச அனுமதியுள்ள அறை ஒன்று உண்டு. அந்த அறைக்குத் தளமாகப் பதித்தார்.

இந்த ஊரின் கட்டட வரலாற்றில் என்னை நிறுத்திவைப்பது இந்தத் தளம்தான். அரைக்கும் கல் மிதிக்கும் கல்லானது. அடுத்த ஐம்பது ஆண்டுகள் அதன் மேல் செருப்புகள் நடந்தன, பேச்சு நடந்தது.

1381 ஜூன் மாதம். தலைவரியை எதிர்த்து எழுந்த குடியானவர் கலகம் இங்கும் வந்தது. வில்லியம் கிரிண்ட்கோப் தலைமையில் எழுந்த நகரத்தார் அந்த அறைக்குள் புகுந்து தளத்தைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்து ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் கொடுக்கும் புனித அப்பத்தைப் போல என்று இதை எழுதிவைத்தவர் தாமஸ் வால்சிங்கம். அதே மடத்துத் துறவி. கலகக்காரர்களை மனமார வெறுத்தவர். அவர்கள் செயலின் அர்த்தம் அந்த வெறுப்பையும் மீறி அவருடைய உவமையில் வந்து விழுந்துவிட்டது. உடைந்த துண்டு எதையும் அரைக்காது. பங்கிட்டவர்களில் அநேகர் அந்தத் திருகைகளைச் சுற்றியதுகூட இருக்காது. ஆனாலும் எடுத்துப்போனார்கள். ஜூலையில் கிரிண்ட்கோப் தூக்கிலிடப்பட்டார். ஜான் பாலுக்கு மரணதண்டனை நிறைவேற்றியதும் இதே ஊரில்தான்.

மார்க்ஸ் 1847இல் கைத்திருகையை நிலப்பிரபுவோடும், நீராவி ஆலையைத் தொழில் முதலாளியோடும் சேர்த்துச் சொன்னார். செயின்ட் ஆல்பன்ஸ் இந்தச் சூத்திரத்துக்கு அடங்கவில்லை. இங்கே பிரபுவின் கருவி நீராலை. திருகை அவரை எதிர்த்தவர்களுடையது. 1935இல் நீராலையின் வரலாற்றை எழுதிய மார்க் ப்ளாக் இந்த ஊரின் கதையை அதில் சேர்த்திருப்பது காரணத்தோடுதான். மேலான கருவி தானாகவே வென்றுவிடும் என்று நம்புகிறவர்கள், அதற்குத் துணையாக எத்தனை திருகைகள் பிடுங்கப்பட்டன என்று கேட்பதில்லை.

1539இல் மடம் கலைக்கப்பட்டது. துறவிகளின் கட்டடங்களில் பெரும்பாலானவை இடிந்தன. தேவாலயத்தை 1553இல் நகரத்தாரே நானூறு பவுனுக்கு வாங்கிக்கொண்டார்கள். மடத்தின் பெரிய வாயில் நெடுங்காலம் சிறையாக இருந்து, 1871 முதல் பள்ளிக்கூடமாக இருக்கிறது. ஆலையிலோ, வூலம் காலத்தில் மறுபடியும் ஊர் ஜனங்கள் சரிவில் இறங்கித் தண்ணீரிடம் போனார்கள், இம்முறை கூலிக்கு. சக்கரம் அரைப்பதை விட்டு நூல் முறுக்கியது. சொந்தக்காரன் இடத்தில் சொந்தக்காரன் இருந்தான். இதை மாற்றம் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

ஒருவேளை உண்மையான மாற்றம் கடைசியாக நடந்ததுதான். இப்போது அங்கே வீடுகள். ஏதாவதொரு அடுப்படியில் மின்சாரத்தில் அரைக்கும் கருவி ஒன்று இருக்கக்கூடும். அதைப் பிடுங்க மேட்டிலிருந்து யாரும் இறங்கி வரப்போவதில்லை. நகரத்தார் கேட்டதும் இவ்வளவுதான்.