வீட்டிற்குள் ஒரு கடைமடை

வரலாறு என்றவுடன் நம் நினைவிற்கு வருவன அரசர்களின் போர்களும் பட்டயங்களும் ஆகும். ஆனால் ஒரு குடம் நீர் எவ்வழியே வந்து யார் கையில் முதலில் சேர்ந்தது என்பதும் வரலாறேயாகும். பழைய வீடு ஒன்றிற்குப் புதிதாகத் தண்ணீர்க் குழாய் இடுவோர், தம்மை அறியாமலே, அவ்வரலாற்றின் ஒரு பக்கத்தை எழுதுகின்றனர்.

புதுக்கோட்டை மாவட்டம் வானம் பார்த்த பூமி. பெருநதி பாயாத அந்நிலத்தில் முன்னோர் மழைநீரைக் கண்மாய்களில் தேக்கி வாழ்ந்தனர். கண்மாயின் உட்புறத்தில் இரண்டு கல்தூண்கள் நிற்பதை இன்றும் காணலாம். அவற்றிற்குக் குமிழி என்று பெயர். அடியில் துளையிட்ட கல். அத்துளையை அடைக்கவும் திறக்கவும் ஒரு தண்டு. அங்கிருந்து கரையின் அடியே வெளிச்செல்லும் கால்வாய். கி.பி. 9ஆம் நூற்றாண்டளவிலேயே இவ்வட்டாரத்தில் குமிழி அமைத்துக் கொடுத்தோரின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. நீரைத் திறந்துவிடுதல் அத்துணைப் பெரிய அறமாகக் கருதப்பட்டது.

நீர் வெளிவந்த பின்னர்தான் உண்மையான சிக்கல் தொடங்கும். முதலில் பாய்வது தலைமடை. இறுதியில் பாய்வது கடைமடை. தலைமடைக்காரர் வாய்க்காலை அகலத் திறந்தால் கடைமடைக்காரரின் பயிர் வாடும். அதனாலன்றோ முறை வைத்துப் பாய்ச்சும் வழக்கத்தை ஊரார் வகுத்தனர்! கால்வாய் வெட்டுதல் பொறியியல். கடைமடைக்கும் நீர் சேரச் செய்தல் நீதி.

இதே சிக்கலை உரோமாபுரியும் கண்டது. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் கட்டடக் கலைஞர், நகருக்கு வரும் நீரை ஒரு தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து மூன்று தனிக் குழாய்களாகப் பிரிக்க வேண்டும் என்று எழுதினார். ஒன்று பொது ஊற்றுகளுக்கு. மற்றொன்று நீராடு மண்டபங்களுக்கு. மூன்றாவது தனியார் இல்லங்களுக்கு. செல்வர் வீட்டுத் தேவைக்காகப் பொதுமக்களின் நீர் குறைந்துவிடலாகாது என்பதே அவர் கருத்து. ஈயக் குழாயினும் சுடுமண் குழாயே உடலுக்கு நலம் என்றும் அவர் கூறினார். கி.பி. 97இல் உரோமின் நீர்த்துறைத் தலைவரான ஃபிரான்டினஸ், குழாய்களில் களவாகத் துளையிட்டு நீர் எடுத்தோரைப் பற்றி எழுதி வைத்தார்.

இனி அரிமளத்திற்கு வருவோம். திருமயம் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரிலும், அருகிலுள்ள ராயவரம், கடியாபட்டி முதலிய ஊர்களிலும் நகரத்தார் கட்டிய பெரிய இல்லங்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் ஈட்டிய பொருள் இங்கே தேக்குத் தூண்களாகவும் சுண்ணாம்புச் சுவர்களாகவும் எழுந்தது. இத்தகைய இல்லம் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எனப் பின்னோக்கி நீண்டு செல்லும். சில இல்லங்களின் முன்வாயில் ஒரு தெருவிலும் பின்வாயில் அடுத்த தெருவிலும் இருக்கும்.

அவ்வீட்டைக் கட்டியோர் நீருக்கும் ஓர் இடம் வகுத்திருந்தனர். கிணறும் அடுப்படியும் பின்புறத்தில் இருந்தன. நான்கு பக்கத்துக் கூரைகளிலிருந்தும் வளவில் விழும் மழைநீர் வடிகால் வழியே வெளியேறிற்று. குடிநீரை ஊருணியிலிருந்து குடத்தில் சுமந்து வந்தோர் பெண்கள். குழாய் இல்லாத காலத்திலும் அவ்வீட்டில் நீருக்கென ஓர் ஒழுங்கு இருந்தது. அதன் சுமை மட்டும் ஒரு சாராரின் இடுப்பில் இருந்தது.

குழாய் வந்தபோது அவ்வொழுங்கு தலைகீழாயிற்று. முகப்புத் தெருவில் செல்லும் குழாயிலிருந்து கிளை எடுத்தால், நீர் முதலில் முன்கட்டைத் தொடும். கட்டுகள் பலவற்றைக் கடந்து இறுதியாகவே அடுப்படியை அடையும். யாருக்கு நீர் மிகுதியாக வேண்டுமோ அவருடைய இடமே கடைமடையாகிவிடும். முன்கட்டில் ஒருவர் குளிக்கையில் அடுப்படிக் குழாய் நூல்போல் இளைத்து ஒழுகுவது இதனால்தான்.

இதன் காரணத்தை அறிவியல் தெளிவாகக் கூறுகிறது. பிரெஞ்சுப் பொறியியலறிஞர் ஹென்றி டார்சி குழாய்களில் ஓடும் நீரைப் பலவாறு சோதித்து 1857இல் தம் முடிவுகளை வெளியிட்டார். குழாய் நீள நீள, உராய்வினால் அழுத்தம் குறையும். ஒரே அளவு நீர் ஓடும்போது குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் அவ்விழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும். மேல்நிலைத் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் அழுத்தம் கிட்டும்; வீட்டுக் கூரைமேல் வைத்த தொட்டி அதில் பாதியையே தரக்கூடும். துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாயோ, உள்ளே துருவும் உப்பும் படிந்து ஆண்டுதோறும் குறுகிக்கொண்டே வரும்.

பழைய குழாயை மாற்றுவோர் முன் மூன்று முறைகள் உள்ளன. ஒரே பெருங்குழாய் நெடுகச் சென்று ஆங்காங்கே கிளைவிடுதல் முதல் முறை. இதுவே நம் வாய்க்கால் முறை, செலவு குறைவு, ஆனால் கடைமடைத் துன்பம் உண்டு. தொட்டியின் அருகே நீரைப் பிரித்து, ஒவ்வோர் இடத்திற்கும் தனிக் குழாய் விடுதல் இரண்டாம் முறை. இது விட்ருவியஸ் காட்டிய வழி. குழாயின் நீளம் மிகும். எனினும் ஒருவர் திறப்பது பிறரை அவ்வளவாகத் தாக்காது. ஓரிடத்தில் பழுது நேர்ந்தால் அதை மட்டும் அடைத்துக்கொள்ளலாம். பெருங்குழாயை வளையமாகச் சுற்றி இணைத்தல் மூன்றாம் முறை. நீர் இருபுறத்திலிருந்தும் வருமாதலால் கடைமடையின் குறை பெரிதும் நீங்கும். இத்தகைய பின்னல்களில் நீர் எப்படிப் பகிர்ந்தோடும் என்பதைக் கணக்கிடும் வழியை ஹார்டி கிராஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1936இல் வெளியிட்டார். நகரங்களின் குடிநீர் அமைப்புகளில் வளையமுறை இன்றும் பயன்படுகிறது.

அரிமளத்து இல்லம் போன்ற நீண்ட வீட்டிற்கு எது ஏற்றது? கட்டியோர் வகுத்த ஒழுங்கே விடை கூறுகிறது. தொட்டியைப் பின்கட்டில், கிணற்றடியை ஒட்டி, தாங்கும் வலிமையுள்ள இடத்தில் உயர்த்தி வைக்க வேண்டும். அங்கேயே நீரைப் பிரித்து அடுப்படிக்கும் குளியலறைக்கும் குறுகிய தனிக் குழாய்களும், முகப்பிற்கு அகன்ற குழாய் ஒன்றும் விட வேண்டும். அப்போது கடைமடையாயிருந்த அடுப்படி தலைமடையாகும். சுண்ணாம்புச் சுவரை உளி கொண்டு பிளத்தல் கூடாது. சுவருக்குள் மறைந்த குழாய் கசிந்தால் ஈரம் பரவிப் பூச்சு உதிரும். கசியும் இடத்தைக் கண்டறிவதும் அரிது. திறந்த முற்றத்தின் ஓரமாக, கண்ணுக்குத் தெரியும்படி குழாயைக் கொண்டுசெல்வதே நன்று. சுவருக்குள் இருக்கும் பழைய குழாயைப் பெயர்க்காமல், நீரை வடித்துவிட்டு, வாயடைத்து அப்படியே விட்டுவிடலாம். சிறிதளவு அழகு குறையலாம், வீடு நிலைக்கும்.

இளைஞர்களே! உங்களுள் பலர் நாளை பொறியாளராவீர்கள். பலர் பழைய வீடுகளுக்கு உரியவராவீர்கள். குழாய் வரைபடம் உங்கள் முன் விரிக்கப்படும்போது, செலவையும் நீளத்தையும் கணக்கிடுங்கள். அத்துடன் இவ்வமைப்பில் கடைமடையில் நிற்பவர் யார் என்றும் கேளுங்கள். கண்மாய்க் கரையில் நம் முன்னோர் கேட்ட கேள்வி அதுவே. வீட்டின் கூரைக்கு அடியிலும் நாம் அதைக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.